ஒட்டுப்பால் கட்டு

என்னைக் கொட்டியவை இருபத்து மூன்று குளவிகள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் எண்ணிப் பார்த்துச் சொன்னது. அந்தக் குளவிகள் மேல் எனக்கு இப்போது ஒரு கோபமும் கிடையாது. பருந்து வந்து கூட்டைத் தட்டிவிட்டது, கீழே நின்றவளை அவை கொட்டின, அவ்வளவுதான். பத்து நாளில் வீக்கம் வடிந்துவிட்டது. இன்றைக்கு என் வலது கை ஒரு தண்ணீர்ப் போத்தல் மூடியைக்கூடத் திறக்க முடியாமல் கிடப்பதற்கு அவை காரணமில்லை. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து மாதம் பிடித்தது.

இதை இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாகத்தான் வருகிறது. எங்களைப் போல ரப்பர் காட்டுக்குள் வேலை செய்கிற யாராவது படித்தால் அவர்கள் கையாவது பிழைக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். நல்ல மனசு என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வராணி. வயது நாற்பத்திரண்டு. இரத்தினபுரி மாவட்டத்தில், நிவித்திகலையிலிருந்து கலவானைக்குப் போகிற பக்கத்தில் எங்கள் தோட்டம். மேல்மலையில் தேயிலை, கீழே ரப்பர். நானும் என் வீட்டுக்காரர் மணியமும் பால் வெட்டுகிறவர்கள். அவருடைய மரங்களும் என்னுடைய மரங்களும் பக்கத்துப் பக்கத்தில். பத்தொன்பது வருஷமாக வெட்டுகிறேன். பால் வெட்டுவது என்றால் மரத்தைக் கொத்துவது என்று வெளியாட்கள் நினைக்கிறார்கள். பட்டைக்குள்ளேதான் பால் இருக்கிறது. கத்தி கொஞ்சம் மேலே போனால் பால் வராது, கொஞ்சம் ஆழமாகப் போனால் உள்மரத்தில் பட்டுக் காயமாகிவிடும். காயப்பட்ட இடம் முண்டும் முடிச்சுமாக வளரும், அதில் பிறகு கத்தி ஓடாது. எவ்வளவு ஆழம் என்பதைக் கண்ணால் பார்க்க முடியாது. அதைச் சொல்வது விரல்தான். என் மரங்களில் காயம் தேடினால் கிடைக்காது என்று தோட்டத்தைப் பார்க்கிற எங்கள் ஐயாவே, காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டில், எல்லார் முன்னாலும் சொல்லியிருக்கிறார்.

அன்றைக்கு நாலு நாள் மழைக்குப் பிறகு வெயில் வந்திருந்தது. மழை நாளில் பட்டை நனைந்துவிடும், வெட்ட முடியாது. அதனால் எல்லோருமே அவசரத்தில் இருந்தோம். பாதி மரம் முடிந்திருக்கும். தலைக்கு மேலே சடசடவென்று ஒரு சத்தம். நிமிர்ந்தேன், பருந்து போகிறது. அடுத்த நிமிஷம் என்னைச் சுற்றி ஒரே இரைச்சல். முகத்தை மறைக்க வலது கையைத் தூக்கினேன். அதனால்தான் பாதிக்கு மேல் அந்தக் கையிலேயே கொட்டின. சத்தம் கேட்டு மணியம் சாக்கைப் போர்த்திக்கொண்டு ஓடிவந்து என்னைச் சரிவில் இழுத்துக்கொண்டு போனார்.

இனி ஒட்டுப்பாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் நாள் வெட்டிய கோட்டில் கடைசியாகக் கசிகிற பால் அங்கேயே காய்ந்து, நாடா மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மறுநாள் வெட்டுவதற்கு முன் அதை உரித்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்வோம். இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. எங்கள் மலையில் பாம்பு கடித்தால் இதைத்தான் நாலைந்து இழை சேர்த்து முறுக்கிக் கட்டுவார்கள். யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில்லை, எல்லோருக்கும் தெரியும். மணியம் என் பையிலிருந்தே ஒட்டுப்பாலை எடுத்தார். முழங்கைக்கு மேலே, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினார். விஷம் மேலே ஏறக்கூடாதாம். நானும் சும்மா இருக்கவில்லை. இன்னும் இறுக்குங்க என்று சொன்னேன்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கிறவர் அன்றைக்கு லீவு. லொறி பால் ஏற்றப் போயிருந்தது. ஒரு த்ரீவீலர் பிடித்து வந்தார்கள். வழியில் பாதை மேல் சரிந்திருந்த மண்ணை வெட்டி அள்ளிக்கொண்டிருந்ததால் அங்கேயும் காத்திருந்தோம். தொண்டை அடைத்தது, கண் இருட்டியது. அதற்குப் பிறகு எனக்கு நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனதாம். அவ்வளவு நேரமும் அந்தக் கட்டு என் சட்டைக் கைக்குள்ளேயே இருந்தது. கை வீங்க வீங்க அது சதைக்குள் புதைந்து போயிருந்தது.

கண் விழித்தது மறுநாள். ஒரு கட்டிலில் இரண்டு பேர். என் பக்கத்தில் ஓப்பநாயக்கவிலிருந்து வந்த ஒரு சிங்களத்து அம்மா, சர்க்கரை வியாதிக்காரி. எனக்கு வந்தது கடுமையான ஒவ்வாமை என்று நர்ஸ் சொன்னார். குளவி விஷத்தை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு அளவு தெரியாமல் எதிர்த்து, பிரஷரை இறக்கி, தொண்டையை வீங்க வைத்துவிடுமாம். அதற்கு ஒரு ஊசி உண்டு, அதைப் போட்டதால்தான் பிழைத்தேன். நிறையக் குளவி கொட்டினால் சிறுநீரகம் கெடும் என்பதால் சிறுநீரைப் போத்தலில் பிடித்து வைக்கச் சொல்லி நிறம் பார்த்தார்கள். என் கவலை அதில் இல்லை. வலது மணிக்கட்டு துவண்டு தொங்கியது. விரல்களைத் தூக்கச் சொல்லி நானே எனக்குள் சொல்லிப் பார்த்தேன், அவை என் பேச்சைக் கேட்கவில்லை. தொட்டால் தெரியவில்லை. ஆனால் உள்ளுக்குள்ளே மிளகாய் அரைத்த கை மாதிரி எரிந்துகொண்டே இருந்தது. தொட்டால் தெரியாத கை எப்படி எரியும் என்று வார்டு நர்ஸிடம் கேட்டேன். நரம்பு கெட்டால் தொடுவதைச் சொல்லாது, இல்லாத நெருப்பைச் சொல்லும் என்றார்.

பார்க்க வந்தவர்கள் ஒவ்வொருவரும் பிஸ்கட் பக்கட்டையும் தோடம்பழத்தையும் வைத்துவிட்டு என் கையைத் தூக்கிப் பார்த்தார்கள். கட்டு இருந்த இடத்தில் கறுப்பாக ஒரு வளையம். வளையத்துக்குக் கீழே மரத்துப் போயிருந்தது, மேலே எல்லாம் சரியாக இருந்தது. இதைவிட வேறு என்ன சாட்சி வேண்டும்? கட்டோடு விஷம் நின்றுவிட்டது, கையை மட்டும் எடுத்துக்கொண்டு உயிரைத் தொடாமல் விட்டுவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். மணியம் மட்டும் கட்டியிருக்காவிட்டால் நான் காட்டிலேயே போயிருப்பேன் என்று கங்காணி சொன்னார். முதல் இரண்டு நாள் மணியமும் எப்படி முறுக்கினார், எப்படி இறுக்கினார் என்று வருகிறவர்களுக்கெல்லாம் கையால் காட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாளிலிருந்து யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து வெராந்தாவுக்குப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்தேன். அவரைப் பற்றி எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல நேரம் நீங்க கட்டுனீங்க என்று அவரிடம் நானே சொன்னேன்.

எட்டாம் நாள் துண்டு வெட்டி, இனி வார்டில் இருக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையை அவர் வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிளினிக் எப்போது என்று கேட்டேன். ஒன்றும் போடவில்லை, தானாகச் சரியாகிவிடுமாம் என்றார்.

அடுத்த ஐந்து மாதம் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் என்னைப் போல ராணியாக வாழ்ந்தவள் கிடையாது. பெயருக்கேற்ற வாழ்வு. விடியுமுன் எழுந்து அவரே சோறாக்கினார். வேலைக்குப் போய் வந்து துணி துவைத்தார். என் தலையைச் சீவிப் பின்னினார். பெண்பிள்ளைக்குக்கூடப் பின்னிப் பழகாத மனிதர், எலிவால் மாதிரி ஒன்றைப் பின்னிவிட்டு நல்லா இருக்கா என்று கேட்பார். தினமும் சாயங்காலம் எண்ணெய் காய்ச்சி வளையத்திலிருந்து விரல் நுனி வரைக்கும் நீவிவிடுவார். பக்கத்துக் காம்பராக்காரிகள் வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தங்கள் புருஷன்மாரைத் திட்டினார்கள். வேப்பிலை அடித்தோம். மாரியம்மனுக்கு நேர்ந்தோம். ஒரு வைத்தியர் பச்சிலை வைத்துக் கட்டினார், இன்னொருவர் பத்தியம் சொன்னார். குளவி விஷம் நரம்பில் ஏறினால் ஆறு மாதம் இருந்துதான் இறங்கும் என்று அந்த வைத்தியரும் சொன்னார். விரல்கள் மெல்ல மெல்ல உள்ளங்கைக்குள் மடங்க ஆரம்பித்தன. காலையில் விரித்துவிட்டால் மத்தியானத்துக்குள் மறுபடி மடங்கிக்கொள்ளும். முழங்கைக்குக் கீழே சதை வற்றிப்போனது. என்னுடைய மரங்களை அதுவரை யாருக்கும் கொடுக்காமல் ஐயா வைத்திருந்தார். ஆனால் எத்தனை நாளைக்குத்தான் வைத்திருப்பார்?

எங்கள் மகள் சுமதி கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். தீபாவளிக்கு வந்தவள் என் கையைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆஸ்பத்திரி அட்டையைக் கொண்டுவாருங்கள், நான் இங்கிலீஷ் படித்துப் பார்க்கிறேன் என்றாள். அட்டையை ஆஸ்பத்திரியிலேயே வாங்கிக்கொண்டார்கள் என்று அவர் சொன்னார். அவர் பையில் வைத்ததைப் பார்த்த நானும், பிறகு கேட்டு வாங்கியிருப்பார்கள் என்று நம்பினேன். அப்படி வாங்க மாட்டார்களே என்று அவள் விடவில்லை. எப்படியும் கிளினிக் போயே ஆகவேண்டும் என்று எங்கள் இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினாள். கிளினிக் நாள் வரும் வரைக்கும் அந்த ஒரு வாரமும் அவர் சரியாகத் தூங்கவில்லை. செலவை நினைத்துக் கவலைப்படுகிறார் என்று எண்ணி நான்தான் ஆறுதல் சொன்னேன்.

பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் விடிகாலையிலிருந்து நம்பருக்குக் காத்திருந்தோம். முதலில் நரம்பில் கரண்ட் விட்டுப் பார்க்கிற டெஸ்ட். கையில் ஒரு இடத்தில் சுள்ளென்று சின்னதாக ஷாக் கொடுத்து, அது இன்னொரு இடத்துக்கு எவ்வளவு வேகத்தில் வந்து சேருகிறது என்று மெஷினில் பார்ப்பார்கள். தோளிலிருந்து கிளம்பியது வளையம் வரைக்கும் நன்றாக வந்ததாம். அதற்குப் பிறகு தடுமாறியதாம். அந்தத் தாளோடு உடற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த பிசியோ மிஸ் இரத்தினபுரிக்காரர், முஸ்லிம் பெண், தமிழில் பேசினார். பழைய அட்டை இல்லாமல் பார்க்க முடியாது என்றார். நான் அட்டை இல்லை என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மணியம் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார். நாலாக மடித்து, மடித்த இடமெல்லாம் கிழிந்து போயிருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார்.

மிஸ் படித்தார். மறுபடியும் படித்தார்.

"இதுல ரெண்டு கிழமையில எங்ககிட்ட வரச் சொல்லித்தானே எழுதியிருக்கு. ஏன் வரல்ல?" என்று என்னைக் கேட்டார்.

குளவி விஷம் தானாக இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாக நான் சொன்னேன்.

"குளவியால வந்ததில்ல இது. கைய இறுக்கிக் கட்டினதால நரம்பு நசுங்கியிருக்கு. உங்கட மாப்பிள்ளைக்கு, இந்தா நிக்கிற இவருக்கு, வெளங்கப்படுத்தினதாவும் டொக்டர் எழுதியிருக்காரே."

பிறகு பொறுமையாக விளக்கினார். குளவி கொட்டினால் கட்டவே கூடாது, பாம்புக் கடிக்குக்கூடக் கட்டக்கூடாது. நரம்பைச் சுற்றி ஒரு உறை உண்டு. மணிக்கணக்கில் நெரித்தால் உறையும் கெடும், உள்ளே ஓடும் இழையும் கெடும். ஆனாலும் அது திரும்ப வளரும், மிக மிக மெதுவாக. அது வளர்ந்து வந்து சேரும் வரைக்கும் மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற பட்டி போட்டு, தினமும் ஒவ்வொரு விரலாக விரித்து மடக்கிக் கையைத் தயாராக வைத்திருக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் விட்டால் மூட்டு இறுகிவிடும். நரம்பு வந்து சேர்ந்தாலும் அசைக்க விரல் இருக்காது. மேலே மேலே எண்ணெய் நீவியதில் ஒன்றும் ஆகவில்லை. அவர் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். பட்டியை மாட்டிவிட்டார்கள். மணியம் கதவுக்குப் பக்கத்தில் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பஸ் நிற்கிற இடத்து வாங்கில் உட்கார்ந்தோம். அவராகவே ஆரம்பித்தார்.

"மூணாம் நாளு அந்தச் சின்ன டொக்டரு வெராந்தாவுக்குக் கூப்புட்டாரு. குளவி கொட்டுனதுக்கு யாராவது கட்டுவாங்களா, நீதான் இந்தக் கைய கெடுத்தேன்னு சிங்களத்துல சொன்னாரு. உள்ள வந்தா, நல்ல நேரம் நீங்க கட்டுனீங்கன்னு நீ சொல்ற. அதுக்கு மேல நான் எப்படிப் புள்ள சொல்றது?"

"கட்டச் சொன்னதுல நானுந்தான் சேத்தி. இறுக்குங்கன்னேன். அதுக்காக ஒங்கள ஒரு வார்த்தை கேட்டிருப்பனா?" என்றேன்.

"கேட்டிருக்க மாட்ட."

"அஞ்சு மாசமா தினம் இந்தக் கையப் புடிச்சு நீவுனீங்களே. அதுல ஒரு நாளு ஒங்களுக்கு வாய் வரலியா?"

அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நடு டவுனில், அத்தனை ஜனத்துக்கு நடுவில். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இதிலும் இவர்தானா அழுவார் என்று. நீவிய ஒவ்வொரு சாயங்காலமும் கண்ணுக்கு முன்னால் வந்தது. அந்த எலிவால் பின்னலுக்கு நான் சிரித்தது, பக்கத்து வீட்டுக்காரிகள் முன்னால் நான் பெருமைப்பட்டது, எல்லாம் இப்போது அசிங்கமாகப் பட்டது. பயந்து போய்க் கட்டிய மனிதரை நான் மன்னிக்கத் தேவையே இல்லை. என் கையை அறிந்தே பாழாக விட்டவரை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. பஸ் வந்தது, ஏறினோம். அவர்தான் டிக்கட் எடுத்தார்.

பிறகு வாரா வாரம் கிளினிக். மெழுகில் கையை முக்கி எடுப்பார்கள், சூடு தெரியாத கை வெந்துவிடாமல் மிஸ் பக்கத்திலேயே நிற்பார். விரலை விரிக்கும்போது உயிர் போகும். நாலு மாதத்தில் மணிக்கட்டு கொஞ்சம் எழும்பியது. பெருவிரலுக்கு ஓரளவு தொடுகை வந்தது. எனக்கு ஆசை வந்துவிட்டது. ஐயாவிடம் போய் ஒரே ஒரு மரம் வெட்டிப் பார்க்கிறேன் என்று கெஞ்சினேன். மரங்களையெல்லாம் தறிக்கப் போகிற பழைய மலையில் ஒரு மரத்தைக் காட்டி வெட்டச் சொன்னார். அதில் காயம் பட்டாலும் நட்டமில்லை. கத்தியைப் பிடித்தேன், பிடித்திருப்பது தெரிந்தது. கோட்டில் வைத்து இழுத்தேன். எவ்வளவு ஆழம் என்று விரல் ஒன்றும் சொல்லவில்லை. பட்டை விலகி உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. பத்தொன்பது வருஷத்தில் நான் வைத்த முதல் காயம். ஐயா நல்ல மனிதர். பரவாயில்லை செல்வராணி என்றார். அடுத்த கிழமையே என் மரங்களை ஒரு புதுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு, மரத்தில் பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கழுவி அடுக்குகிற வேலை.

குளவிக் காலம் மறுபடி வந்தபோது, எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும் என்று ஐயா பெரட்டில் பேசினார். அப்போது மணியம் வரிசையிலிருந்து முன்னால் வந்தார். குளவி கொட்டினால் யாரும் ஒட்டுப்பால் கட்டாதீர்கள், நான் கட்டித்தான் என் பொஞ்சாதி கை போனது, டொக்டர் சொன்னதை அவளிடம் மறைத்து இன்னும் கெடுத்தேன் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். பிறகு கங்காணி வந்து அவர் தோளில் தட்டினார். இப்படி ஒத்துக்கொள்ள ஒரு நெஞ்சு வேண்டும் என்றார்கள். பொம்பிளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கட்டியபோதும் அவருக்குத்தான் நல்ல பேர், கட்டியது தப்பு என்று சொன்னபோதும் அவருக்குத்தான் நல்ல பேர். சிரட்டைக் குவியலுக்குப் பக்கத்தில் நின்ற என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என் விரல்களை மிஸ் சொன்ன மாதிரி ஒவ்வொன்றாக விரித்து மடக்கிக்கொண்டிருந்தார். இப்போது அதை நன்றாகச் செய்கிறார், ஒரு நாளும் தவறுவதில்லை. தலை நிமிராமல் கேட்டார்.

"கோவம் போயிருச்சா புள்ள?"

"கை முழுசா வரட்டும். அப்ப சொல்றேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. இன்னொரு பத்துத் தடவை விரித்து மடக்கினார். அதற்கு முந்தின கிழமை கிளினிக்கில் அவர் எனக்கு டீ வாங்கப் போயிருந்த நேரம், மிஸ் என் விரல்களைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இதற்கு மேல் வராது என்று சொல்லிவிட்டார். அதை நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை.